பட்டிப்பொலவிலிருந்து சுட்டால்

ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறவர் தன் போன் திரையில் பார்க்கும் எதிரி, பார்க்கும் இடத்தில் இல்லை. கொஞ்சம் முன்னர் அங்கே இருந்தான். இப்போது ஒரு மீற்றரோ அதற்கு மேலோ நகர்ந்துவிட்டான். அப்படியிருந்தும், பட்டிப்பொலப் பக்கத்து லயமொன்றின் வாசற்படியில் குந்தியிருக்கும் தம்பி குறிவைத்துத் தட்டினால் குண்டு பட்டுவிடுகிறது. எதிரி கோலாலம்பூரில் இருக்கலாம், டாக்காவில் இருக்கலாம். இருவரும் ஒரே தீவில், ஒரே நேரத்தில், ஒரே சுவரின் இரண்டு பக்கத்திலும் நிற்பதாக இருவருமே நம்புகிறார்கள். அப்படி ஒரு ‘ஒரே நேரம்’ அவர்களுக்குள் கிடையாது. இல்லாத அந்த நேரத்தை இருப்பதுபோல் ஆக்கிக்காட்டுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ஐம்பது பேர் விமானத்திலிருந்து பரசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறார்கள். பாதுகாப்பான வட்டம் சுருங்கச் சுருங்க ஒருவரையொருவர் தேடிச் சுடுகிறார்கள். கடைசியில் மிஞ்சும் அணிக்கு ‘பூயா’, அதாவது வெற்றி. நால்வர் சேர்ந்த அணியாக, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு ஆடுவதே வழக்கம். வியட்நாமின் 111 டொட்ஸ் ஸ்டூடியோ உருவாக்க, சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் 2017இல் வெளியிட்டது. 2021இல் ஒரே நாளில் 15 கோடிப் பேர் வரை இதை ஆடியதாகக் கரீனாவின் தாய் நிறுவனம் கணக்குக் காட்டியது.

இதே வகை விளையாட்டான பப்ஜியோடு ஒப்பிட்டால் படம் அவ்வளவு அழகில்லை. புல் புல்லாகத் தெரியாது, வீடுகள் அட்டைப்பெட்டிபோல இருக்கும். ஆனால் மலைநாட்டில் அதுவே இதன் பலம். நினைவகம் குறைந்த பழைய போனிலும் ஓடும். பப்ஜியில் நூறு பேர் ஆடும் ஓர் ஆட்டம் அரை மணித்தியாலம் இழுக்கும். இது பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கவரேஜ் எப்போது போகும் என்று தெரியாத இடத்தில் இருப்பவனுக்குப் பத்து நிமிடத்துக்கும் அரை மணிக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. குறியைத் தானாகவே எதிரிப் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும் உதவியும் இதில் தாராளம். விரலின் பிசகும் நெட்டின் பிசகும் சேர்ந்து அதற்குள் மறைந்துபோகின்றன. அணி விளையாட்டு என்ற வகையில் நான் இதை நல்ல விளையாட்டு என்றே சொல்வேன். குறையையும் பிறகு சொல்கிறேன்.

பட்டிப்பொல, இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். அங்கிருந்து ஒகிய பக்கம் போகும் கோச்சி இன்னும் சில மீற்றர் ஏறி, 1,898 மீற்றரில் பாதையின் உச்சியைத் தொட்டுச் சுரங்கத்துக்குள் நுழையும். ஒரு பக்கம் ஹோர்ட்டன் சமவெளியின் காடு, மறுபக்கம் அம்பேவெலப் பால் பண்ணை, நடுவில் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் விளையும் தோட்டங்கள். மாலை மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கிவிடும். இந்த இடத்திலிருந்து ஒரு ‘குண்டு’ எப்படிப் புறப்பட்டுப் போகிறது என்று பார்ப்போம்.

திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். பச்சையாக, மஞ்சளாக, மோசமானால் சிவப்பாக. அதுதான் பிங். போனிலிருந்து கிளம்பிய ஒரு சிறு செய்தி விளையாட்டின் சர்வருக்குப் போய்த் திரும்பிவர எடுக்கும் நேரம், மில்லிசெக்கனில். ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தி போனிலிருந்து டவருக்கு, டவரிலிருந்து மலைகளைத் தாண்டிக் கொழும்புக்கு, பிறகு கடலடிக் கேபிளுக்கு. 2016 டிசெம்பரில் கட்டி முடிக்கப்பட்ட சீ-மீ-வீ 5 என்ற கேபிள் மாத்தறையில் கரையேறுகிறது. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர் நீளம் அது.

கேபிளுக்குள் ஓடுவது ஒளி. வெற்றிடத்தில் செக்கனுக்கு மூன்று லட்சம் கிலோமீற்றர் போகும் ஒளி, கண்ணாடி இழைக்குள் இரண்டு லட்சம்தான் போகும். அதாவது ஒரு மில்லிசெக்கனுக்கு 200 கிலோமீற்றர். இலங்கையின் தென்கரையிலிருந்து சிங்கப்பூர் வரை கடல்வழியே சுமார் 3,000 கிலோமீற்றர் என்று கொண்டால் போக 15, வர 15. மலையிலிருந்து கடற்கரை வரைக்கும் சேர்த்தாலும் 35 மில்லிசெக்கனைத் தாண்டாது. இயற்கை விதிக்கும் வரி அவ்வளவுதான். இதற்குக் கீழே எந்தக் கம்பனியாலும், எவ்வளவு காசு கொடுத்தாலும், கண்ணாடி இழைக்குள் போக முடியாது.

ஆனால் தம்பியின் திரையில் 120 காட்டுகிறது. மீதி எங்கே போனது?

பெரும்பகுதி கடலில் போகவில்லை. வீட்டு வாசலுக்கும் டவருக்கும் நடுவிலும், டவருக்கும் கொழும்புக்கும் நடுவிலும்தான் போகிறது. அங்கேயும் பயணத்துக்காகப் போகவில்லை. ஐந்து கிலோமீற்றர் தூரத்து டவருக்கு ரேடியோ அலை போய்ச்சேர ஒரு மில்லிசெக்கனில் அறுபதில் ஒரு பங்கு போதும். போவது காத்திருப்பில். ஒரு டவரை நூற்றுக்கணக்கான போன்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 4ஜியில் டவர் நேரத்தை ஒரு மில்லிசெக்கன் துண்டுகளாக நறுக்கி, எந்தத் துண்டில் எந்தப் போன் பேசலாம் என்று ஒதுக்கித் தருகிறது. போன் முதலில் ‘எனக்கு இடம் வேண்டும்’ என்று கேட்க வேண்டும், அனுமதி வர வேண்டும், அதன் பிறகே செய்தி போகும். போன செய்தி பழுதாகிச் சேர்ந்தால் திரும்ப அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் எட்டு மில்லிசெக்கன். சிக்னல் பலவீனமான இடத்தில் இரண்டு, மூன்று முயற்சி சாதாரணம். பக்கத்து வீட்டு அக்கா நாடகம் பார்க்கத் தொடங்கினால் வரிசை இன்னும் நீளும்.

இங்கே பழி சுமக்கும் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும். “மிஸ்ட் வந்தா கவரேஜ் போயிரும்” என்று மலைநாட்டில் எல்லோரும் சொல்வார்கள். மிஸ்ட் நிரபராதி. போன் பயன்படுத்தும் 1,800 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்ரிமீற்றர். மிஸ்டின் நீர்த்துளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவு. தன்னில் பத்தாயிரத்தில் ஒரு பங்கான துளியை அந்த அலை கண்டுகொள்வதே இல்லை. மறிப்பது மலை முகடு. முகட்டின் மேல் வளைந்து இறங்கும் அலை மிகவும் மெலிந்துபோகிறது. அதனால்தான் ஒரே டிவிசனில் மேல் லயத்தில் நான்கு கோடும் கீழ் லயத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கிறது. நனைந்த காடும் அலையை விழுங்கும். யூகலிப்டஸ் மரவரிசைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் மழைநாளில் வித்தியாசம் தெரியும்.

மழைக்கு இன்னொரு வேலையும் உண்டு. டவர் தன்னிடம் வந்த செய்திகளைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். மலைநாட்டில் பல இடங்களில் அது வயரில் போவதில்லை. டவரில் முரசுபோல வட்டமாகத் தெரியும் தட்டுகள் வழியாக இன்னொரு மலை உச்சிக்கு மைக்ரோவேவில் தாவுகிறது. அந்த அலையின் நீளம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்தான். மழைத்துளி சில மில்லிமீற்றர். இங்கே துளியும் அலையும் கிட்டத்தட்டச் சம ஆட்கள். கனமழை நடுவில் நின்றால் அலை சிதறிப்போகிறது. போனில் கோடு முழுதாக இருந்தும் நெட் ஓடாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கோடுகள் போனுக்கும் டவருக்கும் உள்ள உறவை மட்டும் சொல்கின்றன. டவருக்கு அப்பால் நடப்பது அவற்றுக்குத் தெரியாது.

இனி விளையாட்டுக்குள் போகலாம். 120 மில்லிசெக்கன் தாமதத்தோடு ஒருவரும், 10 மில்லிசெக்கனோடு இன்னொருவரும் ஒரே சண்டையில் நியாயமாக மோதுவது எப்படி?

இதைப் புரிந்துகொள்ள பட்டிப்பொல ஸ்டேசனிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பட்டிப்பொலவுக்கும் ஒகியவுக்கும் நடுவில் ஒரே தண்டவாளம். வளைவும் சுரங்கமும் மிஸ்டுமாக எதிரே வரும் கோச்சி கண்ணுக்குத் தெரியாது. 1874இல் இங்கிலாந்தில் நொரிச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில், தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன் பிறகு எட்வர்ட் டையர் 1878இல் ஒரு பொறியைக் கண்டுபிடித்தார். இரண்டு ஸ்டேசன்களிலும் வயரால் இணைக்கப்பட்ட ஒவ்வொரு பெட்டி. உள்ளே உலோக வட்டுகள். ஒரு பெட்டியிலிருந்து ஒரு வட்டு வெளியே வந்துவிட்டால் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்த வட்டு திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும் வரை அடுத்தது வராது. வட்டு கையில் இல்லாமல் எந்த டிரைவரும் பாதைக்குள் நுழையக் கூடாது. நமது மலைநாட்டுப் பாதையில், வளையத்தில் தோல்பை கட்டி ஸ்டேசன் மாஸ்டர் டிரைவரிடம் கொடுப்பாரே, அந்த டேப்லெட்தான் அது. எங்கே என்ன நடக்கிறது என்று உறுதியாகத் தெரியாதபோது, தெரியும் வரை எல்லோரும் நிற்பது என்ற முறை.

ஆரம்பகால வலைப்பின்னல் விளையாட்டுகள் பல இதையே செய்தன. 1993இல் வந்த டூம், 1997இல் வந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் போன்றவற்றில் ஒவ்வொருவருடைய கட்டளையும் எல்லோருடைய கணினிக்கும் போய்ச் சேர வேண்டும். பிறகே ஆட்டம் ஓர் அடி முன்னே போகும். யாருக்கும் யாருடனும் முரண்பாடு வராது. ஆனால் ஒருவருடைய நெட் மந்தமானால் எல்லோரும் நிற்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து மேசையில் ஆடுகிறவர்களுக்கு அது பரவாயில்லை. பட்டிப்பொலவிலிருந்து ஆட முடியாது.

1996 யூன் மாதம் குவேக் வந்தது. அதில் ஒரு சர்வர் நடுவே உட்கார்ந்து, நடந்தது இதுதான் என்று தீர்ப்புச் சொல்லும். ஆனால் முன்னே போவதற்கான பொத்தானை அழுத்தினால், அது சர்வருக்குப் போய், சர்வர் ஒப்புக்கொண்டு, பதில் வந்த பிறகே உங்கள் ஆள் காலெடுத்து வைப்பான். தொலைபேசி வயரில் மோடம் போட்டு ஆடியவர்களுக்கு இதற்கு 300 மில்லிசெக்கனுக்கு மேல் பிடித்தது. சேற்றில் நடப்பதுபோல இருந்தது ஆட்டம். அதை எழுதிய ஜோன் கார்மாக் அந்த ஓகஸ்ட்டில் வெளிப்படையாக எழுதிய குறிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன் வீட்டில் மிக வேகமான இணைப்பு இருந்ததால் மோடத்தில் ஆடுகிறவர்களின் வாழ்க்கை தனக்குத் தெரியாமல் போயிற்று, அடிப்படை எண்ணமே தவறாகிவிட்டது என்று அதில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் குவேக்வேர்ல்ட் என்ற புதிய வடிவத்தைத் தந்தார்.

அதில் செய்த மாற்றம் துணிச்சலானது. உங்கள் ஆளை நகர்த்த சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கணினி, இன்றைக்கு என்றால் போன், தானே கணக்குப் போட்டு உடனே நகர்த்திவிடட்டும். சர்வர் பின்னால் வந்து ‘சரி’ என்று சொன்னால் ஒன்றும் தெரியாது. ‘இல்லை, அங்கே ஒரு கல் இருந்தது’ என்று சொன்னால், போன் அந்தப் பழைய கணத்துக்குத் திரும்பி, சர்வர் சொன்ன இடத்தில் ஆளை நிறுத்தி, அதன் பிறகு நீங்கள் அழுத்திய பொத்தான்களை எல்லாம் கண்ணிமைக்குமுன் திரும்ப ஓட்டிப் பார்த்து இன்றைய இடத்துக்கு வந்துசேரும். நெட் மோசமான நாளில் உங்கள் ஆள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இழுக்கப்படுவது இதனால்தான். ரயிலில் இதைச் செய்ய முடியாது. மோதிய பிறகு கோச்சியைப் பின்னால் எடுத்து வைக்க முடியாதே. விளையாட்டில் முடியும். அந்த ஒரே வித்தியாசத்தின் மேல்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது.

இப்போது நீங்கள் ‘எதிர்காலத்தில்’ இருக்கிறீர்கள்; சர்வர் இன்னும் அறியாத அடியை நீங்கள் வைத்துவிட்டீர்கள். எதிரியின் விஷயம் நேர்மாறு. அவன் என்ன அழுத்தினான் என்று உங்கள் போனுக்குத் தெரியாது. சர்வர் செக்கனுக்குச் சில பத்துத் தடவை அவன் இருக்குமிடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அவற்றை வந்தபடியே காட்டினால் எதிரி தத்தித் தத்திப் போவான். அதனால் போன் வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கி, வந்த இரண்டு இடங்களுக்கு நடுவே அவனை வழுவழுப்பாக நகர்த்திக் காட்டும். வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் மென்பொருளில் இந்தப் பின்தங்கல் வழக்கமாக 100 மில்லிசெக்கன். ஆக ஒரே திரையில் நீங்கள் நாளையில், எதிரி நேற்றில்.

ஒரு குண்டைத் தொடர்ந்து போவோம். தம்பியின் பிங் 120. ஒரு வழிக்கு 60. திரையில் எதிரி நிற்பது, சர்வரின் கணக்கில் 160 மில்லிசெக்கனுக்கு முந்திய இடம்: பயணத்துக்கு 60, வேண்டுமென்றே பின்தங்கியது 100. தம்பி தட்டுகிறான். செய்தி சர்வருக்குப் போக இன்னும் 60. குண்டு சர்வரை எட்டும்போது, தம்பி பார்த்த காட்சிக்கு 220 மில்லிசெக்கன் வயதாகிவிட்டது. எதிரி செக்கனுக்கு ஆறு மீற்றர் ஓடுகிறான் என்றால், ஒன்றேகால் மீற்றருக்கு மேல் தள்ளிப்போயிருப்பான். நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் குண்டு காற்றில்தான் பட வேண்டும். பழைய குவேக் காலத்தில் அப்படித்தான் பட்டது. ஆடுகிறவர்கள் தங்கள் பிங்கை மனதில் கணக்குப்போட்டு, ஓடுகிறவனுக்கு ஒரு மீற்றர் முன்னால் சுடப் பழகிக்கொண்டார்கள்.

2001இல் வால்வின் யான் பெர்னியர் இதற்குத் தாங்கள் செய்த வழியை ஒரு கட்டுரையில் விளக்கினார். சர்வர் எல்லோரும் இருந்த இடங்களைக் கடைசி ஒரு செக்கன் அளவுக்கு நினைவில் வைத்திருக்கும். ஒரு குண்டு வந்ததும் உடனே தீர்ப்புச் சொல்லாது. சுட்டவனுடைய பிங் என்ன, அவன் எந்தக் கணத்தின் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கணக்குப் போடும். மற்ற எல்லோரையும் அந்தக் கணத்தில் நின்ற இடத்துக்குப் பின்னால் நகர்த்தும். இப்போது சர்வரின் உலகமும் தம்பி திரையில் பார்த்த உலகமும் ஒன்று. குண்டு பட்டதா என்று அங்கே பார்க்கும். பிறகு எல்லோரையும் திரும்ப இன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வொரு குண்டுக்கும் இதே வேலை. ஐம்பது பேர் சரமாரியாகச் சுடும்போது சர்வர் செக்கனுக்கு எத்தனையோ தடவை உலகத்தைப் பின்னால் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கிறது; ஒருவருக்கும் தெரிவதில்லை.

இதில் ஒரு நீதி இருக்கிறது. நீ தூரத்தில் இருக்கிறாய் என்பதற்காக, உன் கண் பார்த்ததைப் பொய்யென்று சொல்ல மாட்டேன் என்கிறது சர்வர். அதற்கு ஒரு விலையும் உண்டு. அதை எதிரிலிருப்பவன் கொடுக்கிறான். கோலாலம்பூர்க்காரன் தன் திரையில் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துவிட்டான். அப்பாடா என்றிருக்கும் நேரத்தில் சாகிறான். அவனுக்கு அது அநியாயம். தம்பி பார்த்த உலகத்தில் அவன் இன்னும் சுவருக்கு வெளியே நின்றான். இருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு உண்மையும் பொருந்தாதபோது, பெரும்பாலான சுடும் விளையாட்டுகள் சுட்டவன் பக்கம் சாய்கின்றன. குறிவைத்துத் தட்டிய உழைப்பு வீணானால் ஆடுகிறவனுக்கு ஆட்டமே வெறுத்துவிடும் என்பது காரணம்.

ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவர்கள் க்ளூ வாலில் இதை நன்றாக அறிவார்கள். எதிரி சுடும்போது முன்னால் எறிந்தால் சட்டென்று எழும்பும் சுவர் அது. எறிகிறோம், திரையில் சுவர் எழும்புகிறது, அப்படியிருந்தும் சுவரின் நடுவே இரண்டு குண்டு வந்து படுகிறது. “டேய், வால் போட்டேன்டா!” என்று கத்துவதில் பயனில்லை. நம் போன் முந்திக்கொண்டு காட்டிய சுவர் அது. சர்வருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரும் முன்னரே எதிரியின் குண்டுகள் புறப்பட்டுவிட்டன. பிங் கூடினால், சுவர் மூடாத அந்த இடைவெளியும் கூடும்.

இப்படித் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எது முதலில் நடந்தது என்று சொல்வதே கடினம் என்பது விளையாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலல்ல. அமெரிக்கக் கணினி அறிஞர் லெஸ்லி லம்போர்ட் 1978இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை அந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலைப் புரிந்திருந்தது அந்தச் சிக்கலின் சாரத்தைப் பிடிக்கத் தனக்கு உதவியதாக அவர் சொல்லியிருக்கிறார். வங்கிக் கணக்கிலும் விமான டிக்கட்டிலும் அதே சிக்கல்தான். ஆனால் வங்கி டேப்லெட் முறையில் நிற்கிறது. ஒரு கணக்கில் காசு எடுக்கும்போது மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்க மறுத்த துறை விளையாட்டு.

செய்தி அனுப்பும் விதத்திலும் அதே அவசரம். ஃபோட்டோ, மின்னஞ்சல் எல்லாம் ஒரு துண்டு தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கி, வரிசை மாறாமல் அடுக்கித் தரும் முறையில் போகும். எதிரி எங்கே நின்றான் என்ற செய்தி தொலைந்தால் திரும்பக் கேட்டு என்ன செய்வது? அது வரும்போது அவன் வேறெங்கோ நிற்பான். அதனால் இத்தகைய விளையாட்டுகள் 1980இல் வகுக்கப்பட்ட யூடிபி என்ற எளிய முறையை நாடுகின்றன. தொலைந்தது போகட்டும், அடுத்ததைப் பார். ஒவ்வொரு செய்தியும் மிகச் சின்னது. ஆட்டத்தின் காட்சி எதுவும் நெட்டில் வருவதில்லை. வீடும் மரமும் ஏற்கெனவே போனுக்குள் இறங்கியிருக்கின்றன. ஆட்கள் நின்ற இடமும் திரும்பிய திசையும் மட்டும்தான் வருகின்றன. ஒரு வீடியோ பார்க்கும் டேட்டாவில் எத்தனையோ ஆட்டம் ஆடிவிடலாம் என்பதற்குக் காரணம் இது. சின்ன ரீலோட் போட்டு வாரத்தை ஓட்டுகிற வீட்டுக்கு இது சாதாரண விஷயமல்ல.

எந்தத் தந்திரமும் சமாளிக்க முடியாத ஒன்று உண்டு: ஒழுங்கில்லாத தாமதம். எப்போதும் 120 என்றிருந்தால் சர்வரும் போனும் கணக்குப் போட்டுக்கொள்ளும். 60, 400, 90, 700 என்று குதித்தால் எந்தக் கணத்துக்குப் பின்னால் போவது என்பதே தெரியாது. உலகத்தை எவ்வளவு தூரம் பின்னால் எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. சோர்ஸில் அது ஒரு செக்கன். வரம்பே இல்லாவிட்டால் மோசமான நெட்டே ஆயுதமாகிவிடும். மலை முகட்டின் ஓரத்தில் சிக்னல் வந்து வந்து போகும் வீட்டுக்காரன் தோற்பது இந்தக் குதியலால்தான். அவன் கையில் குறையில்லை.

அணி என்பது இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு காட்சியைக் கண்டு விரல் அசைக்க மனிதருக்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிசெக்கன் பிடிக்கும். சிங்கப்பூர்க்காரன் பார்த்துச் சுட்ட செய்தி நம்முடையதைவிட நூறு மில்லிசெக்கன் முன்னால் சர்வரை எட்டுகிறது என்றால், நேருக்கு நேர் மோதலில் அது பெரிய முன்னிலை. ஆனால் மேட்டில் நிற்கும் மச்சான், “ரெண்டு பேரு வலப்பக்கம் வாரானுங்க, அந்த நீல வீட்டுக்குப் பின்னால” என்று சொல்லிவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று செக்கன். மில்லிசெக்கனில் இரண்டாயிரம், மூவாயிரம். சொல் வந்துசேரக் கால் செக்கன் பிடித்தாலும் நட்டமில்லை. விழுந்தவனைத் தூக்கி எழுப்புவதும் அப்படித்தான். அதற்குச் சில செக்கன் ஆகும், அந்த நேரம் முழுதும் இன்னொருவன் காவல் நிற்க வேண்டும். அங்கே பிங்குக்கு வேலையில்லை, நம்பிக்கைக்குத்தான் வேலை. பிங் அதிகமான நால்வர் நன்றாகப் பேசிக்கொண்டு ஆடி, பிங் குறைந்த தனித்தனி நால்வரை வெல்வதை அடிக்கடி பார்க்கலாம். மலைநாட்டிலிருந்து ஆடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான உத்தி இது ஒன்றுதான்: தனியாகப் பாய வேண்டாம், ஒருவர் பார்க்க, மற்றவர் போகட்டும்.

சொல்வதாகச் சொன்ன குறை. இறக்கிக்கொள்ள இலவசம் என்றாலும், டயமன்ட் என்ற ஆட்டக் காசை வாங்கச் சொல்லி இந்த விளையாட்டு ஓயாமல் நச்சரிக்கிறது. ஆளின் உடுப்புக்கும் துப்பாக்கியின் அலங்காரத் தோலுக்கும் காசு. அதிர்ஷ்டச் சுழற்சி என்ற பெயரில் வேண்டிய பொருள் கிடைக்குமா என்பதே தெரியாமல் காசு. கொழுந்தெடுத்து வரும் அம்மாவின் சம்பளத்திலிருந்து இதற்குப் போகக் கூடாது. இந்தியா 2022 பெப்ரவரியில் இதைத் தடைசெய்தது. அதற்குச் சொன்ன காரணம் நாட்டுப் பாதுகாப்பும் தரவும். இலங்கையில் தடையில்லை. தடையை நான் கேட்கவில்லை. போனில் காசு கட்டும் வழியைப் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்வதும், ஆட்டத்துக்கு ஒரு நேரம் வைப்பதும் போதும். இரவு பன்னிரண்டு மணிவரை ஆடிவிட்டுக் காலையில் பள்ளிக்கூடத்தில் தூங்கும் பிள்ளைக்கு எந்தப் பூயாவும் ஈடாகாது.

“அண்ணே, புது போன் வாங்குனா லாக் போயிருமா?” என்ற கேள்விக்கு இனி விடை எளிது. இரண்டு நோயை ஒரே பெயரால் அழைக்கிறோம். படம் திக்கித் திக்கி ஓடினால், போன் சூடாகி மந்தமானால், அது போனின் குறை. புது போன் உதவும். படம் சீராக ஓட, ஆள் மட்டும் பின்னால் இழுபட்டால், சுவருக்குள் குண்டு வந்தால், அது நெட்டின் குறை; லட்ச ரூபாய் போனாலும் தீராது. அதற்குச் செய்யக்கூடியவை வேறு. டவர் இருக்கும் திசைக்கு நேரான வாசலிலோ ஜன்னலோரத்திலோ உட்காருவது, தகரக் கூரைக்கும் தகரச் சுவருக்கும் உள்ளே ஒடுங்காமல் இருப்பது, பின்னால் ஓடும் பதிவிறக்கங்களை நிறுத்துவது. ஒரே ஹொட்ஸ்பொட்டில் நால்வர் ஆடினால், அதிலிருந்து ஐந்தாமவர் வீடியோ பார்க்காமல் இருப்பதே பெரிய உதவி.

வானத்திலிருந்து வரும் வழியும் இப்போது உண்டு. பழைய வகைச் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதால் போய்வரவே அரைச் செக்கன் ஆகும். இந்த விளையாட்டுக்கு உதவாது. 2025 யூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கின் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றரில் சுற்றுகின்றன. மேலே போய்க் கீழே வரும் நாலு தாவலும் சேர்ந்து எட்டு மில்லிசெக்கனுக்குள். மலை முகடு அதைப் பெரும்பாலும் மறிக்காது. விலைதான் லயத்து வீட்டுக்கு எட்டாதது.

எட்டக்கூடிய தீர்வு டவருக்கு ஒளியிழை கொண்டுபோவதும், முகட்டின் நிழலில் விழுந்த டிவிசன்களுக்குச் சின்ன டவர்கள் வைப்பதும். விளையாட்டுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது, பதுளைப் பக்கம் பொஹிட்டியாவ என்ற கிராமத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறிப் பாடம் படித்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. நேரடி வகுப்பும், டொக்டரோடு வீடியோவில் பேசுவதும், குண்டு போகும் அதே வழியில்தான் போகின்றன. அதே வரிசையில்தான் காத்திருக்கின்றன. விளையாட்டைச் செய்தவர்கள் தூரத்து ஆட்டக்காரனுக்காக உலகத்தையே பின்னால் எடுத்துவைக்கப் படித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கத்து வேலையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் போன் கம்பனிகளும் செய்ய வேண்டும். ரோட்டுக்கும் தண்ணிக்கும் நிற்பதுபோல இதற்கும் நம் பிரதேச சபை உறுப்பினர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் எழுந்து நின்று கேட்க வேண்டும்: எந்த டவருக்கு, எந்த ஆண்டில்?